மூன்று படியும் இரண்டு சட்டமும்

காசில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்று, சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டான 1946-லேயே, சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி எழுதி வைத்தது. அந்தக் கமிட்டியின் யோசனையிலிருந்து பிறந்ததுதான் இன்று நம் ஊர்ப்புறங்களில் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையம். 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து அது நாட்டுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் இன்று ஒன்றியத்துக்கு ஒன்றல்ல, பல இருக்கின்றன. பிரசவமா, குழந்தைக்குத் தடுப்பூசியா, நாய் கடித்துவிட்டதா, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையா, கூலி வேலை செய்கிறவன் கைக்காசைக் கரைக்காமல் போய் வர ஓர் இடம் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய காரியம், பெருமைப்படுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். காசில்லாதவருக்குக் கதவு திறந்தது, சரி. கால் வழங்காதவருக்கு அது திறந்திருக்கிறதா? வாசலில் மூன்று படி. படி ஒன்றுக்கு அரை அடி வீதம் ஒன்றரை அடி உயரம். அந்த ஒன்றரை அடிக்குக் கீழே, சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, மேலேயிருந்து யாராவது இறங்கி வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தால், அவரைப் பொறுத்தவரை அந்த ஆஸ்பத்திரி பூட்டியே கிடக்கிறது. உள்ளே டாக்டர் இருந்தால் என்ன, மருந்து இருந்தால் என்ன?

‘அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் ஐயா, ஊருக்கு ஒருவரா இருவரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கையே பார்ப்போம். 2011 குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது சர்க்கார் வகுத்த அளவு. விகிதம் போட்டுப் பார்த்தால் ஒரு நிலையத்தின் எல்லைக்குள் ஏறத்தாழ 490 பேர் வருகிறார்கள். இதுவும் குறைந்த கணக்கு. உலக சுகாதார நிறுவனம் ஆறு பேருக்கு ஒருவர் என்கிறது. நம் குடிக்கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் நின்று, ‘வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?’ என்று கேட்டால், முழங்கால் தேய்ந்து சுவரைப் பிடித்து நடக்கும் கிழவியை எந்த வீட்டில் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்? காது மந்தமான தாத்தாவை யார் சொல்லியிருப்பார்கள்?

அதுமட்டுமல்ல தோழர்களே, இந்த 490 பேர் வேறு யாரோ அல்ல. சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்த சென்ட்ரிங் தொழிலாளி அதில் இருக்கிறார். பவர் பிரஸ்ஸில் விரல்களைக் கொடுத்தவர் இருக்கிறார். பட்டாசு ஆலையில் வெந்து, கை மடங்காமல் போனவர் இருக்கிறார். நாற்பது வருஷம் மூட்டை சுமந்து இடுப்பு விழுந்தவரும், சர்க்கரை வியாதியில் பாதத்தை இழந்தவரும் இருக்கிறார்கள். பிறவியிலேயே வருவது ஒரு பங்கு. உழைப்பிலும் வறுமையிலும் வந்து சேர்வது இன்னொரு பங்கு. இன்று அந்தப் படியில் துள்ளி ஏறுகிறவர் நாளைக்கும் ஏறுவார் என்பதற்கு யாரும் பத்திரம் எழுதித் தரவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு.

1995-ல் பாராளுமன்றம் ஊனமுற்றோர் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் 46-வது பிரிவை எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பொதுக் கட்டடங்களில் சாய்வுப் பாதை வேண்டும் என்று பொதுவாகச் சொன்னதோடு விடவில்லை. ஆஸ்பத்திரிகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சாய்வுப் பாதை வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. எழுதிய கை அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ‘பொருளாதார சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்று ஒரு ஷரத்தையும் சேர்த்து வைத்தது. அந்தச் சில வார்த்தைகள் போதுமே! நிதி இல்லை என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டு, செய் என்று சொன்னால் எந்த இலாகா செய்யும்? இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சட்டம் இருந்தது. சட்டத்தை மதித்துக் கட்டிய இடங்களும் உண்டு. ஆனால் செய்தவரும் சட்டப்படி நடந்தவரே, செய்யாதவரும் சட்டப்படி நடந்தவரே என்று இருவருக்கும் இடம் கொடுத்த விசித்திரமான சட்டம் அது.

2016 டிசம்பரில் புதிய சட்டம் வந்தது: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பழைய சட்டம் ஏழு வகை ஊனத்தைச் சொன்னது. இது 21 வகையைச் சொல்கிறது. இதன் 25-வது பிரிவு வைத்தியத்தைப் பற்றியது. சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், அதன் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிப் போய்வர வழி வேண்டும். பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை வேண்டும் என்கிறது. ‘எல்லாப் பகுதிகளுக்கும்’ என்ற வார்த்தையை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 45-வது பிரிவு, இருக்கிற பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றி அமைக்க வேண்டும் என்று கெடு வைத்தது. அதே பிரிவு, அத்தியாவசிய சேவை தரும் இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்துத் திட்டம் தீட்டி வெளியிட வேண்டும் என்று சொல்லி, அந்த இடங்களின் வரிசையில் ஆரம்ப சுகாதார நிலையத்தை மறுபடியும் பெயர் சொல்லியே சேர்த்தது.

விதிகள் வெளியானது 2017 ஜூன் 15. ஐந்து ஆண்டு முடிந்தது 2022 ஜூனில். கெடு வந்தது, போனது. பல வாசல்களில் படி மட்டும் அசையாமல் இருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? சட்டம் எழுதுவது ஒரு கை, விதி எழுதுவது இன்னொரு கை. சட்டம் ‘செய்தே தீர வேண்டும்’ என்றது. அதன்கீழ் வந்த 15-வது விதியோ, பல இலாகாக்களின் வழிகாட்டுக் குறிப்புகளைப் பார்த்து நடந்துகொள்ளலாம் என்ற அளவில் வந்து நின்றது. வழிகாட்டுவதற்கும் கட்டளையிடுவதற்கும் உள்ள தூரம் தொழிற்சங்கத்தில் இருக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று சுப்ரீம் கோர்ட் இதைத்தான் பிடித்தது. கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் யோசனையாக ஆக்கிவிட்டது இந்த விதி, ஆகவே இது சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொல்லி, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும்படி மத்திய சர்க்காருக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தது. 2005-ல் போட்ட வழக்கு, 2024-ல் இந்தத் தீர்ப்பு. இடையில் பத்தொன்பது வருஷம்.

கோர்ட்டு ஒன்றே கதி என்று இருந்திருந்தால் உலகில் எங்கும் காரியம் நடந்திருக்காது. அமெரிக்காவில் இதே கதை ஒரு முறை நடந்தது. சர்க்கார் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனமுற்றவரை ஒதுக்கக்கூடாது என்று 1973-ல் சட்டம் செய்தார்கள், 504-வது பிரிவு. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் நாலு வருஷம் இழுத்தார்கள். 1977 ஏப்ரல் 5-ந் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் சுகாதார இலாகாவின் அலுவலகத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் அவர்களது நண்பர்களும் புகுந்து உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர், பார்வையற்றவர், காது கேளாதவர் எல்லோரும் அதில் உண்டு. டெலிபோன் தொடர்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களோடு பேசினார்களாம்! கருப்பின மக்களின் இயக்கமான கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாஷிங்டனுக்குப் போன தூதுக் குழுவுக்கு அங்கே போய்வர லாரி பிடித்துக் கொடுத்தது இயந்திரத் தொழிலாளர் சங்கம். ஏப்ரல் 28-ந் தேதி மந்திரி கையெழுத்துப் போட்டார். தங்களுக்கு ஒரு காசு கூலி உயர்வு கிடைக்காத போராட்டத்துக்கு லாரி பிடித்துக் கொடுத்த அந்தச் சங்கத்தை நாம் கவனிக்கிறோம்.

இங்கே நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் பதில்கள் எவை? முதல் பதில், ‘தூக்கிக்கொண்டு போக நாலு பேர் இருக்கிறார்களே!’ நல்ல மனத்தோடு சொல்லுகிற பதில்தான். நாலு பேர் தூக்க ஒருவர் போவது ஆயுளில் ஒரு தடவை போதாதா? மாத்திரை வாங்க மாதாமாதம் அப்படிப் போக வேண்டுமா? தூக்குகிறவர் கை எங்கே படும் என்று கூசிக்கொண்டு, நோயையே வெளியில் சொல்லாமல் வீட்டில் கிடக்கும் பெண்களைப் பற்றி இந்தப் பதில் சொல்லுகிறவர் யோசித்திருக்கமாட்டார்.

இரண்டாவது பதில் கொஞ்சம் புதியது. ‘இப்போது வீடு தேடி மருத்துவமே வந்துவிட்டதே, அப்புறம் படியைப் பற்றி என்ன பேச்சு?’ 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். மாத்திரை வீட்டுக்கு வருகிறது. நடக்க முடியாதவருக்கு இயன்முறைப் பயிற்சி வீட்டிலேயே கிடைக்கிறது. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் பிரசவ அறை வீட்டுக்கு வருமா? ஸ்கேன் வருமா? ராத்திரி பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து பையில் வருமா? சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கருவி வருமா? வீடு தேடி வருவது ஒரு வசதி. வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று சொல்ல அதைச் சாக்காக்கினால், அது நல்ல பெயர் வைத்த சிறை.

மூன்றாவது பதில்தான் அதிகம் கேட்பது: ‘கட்டி வைத்தாலும் யார் வருகிறார்கள்?’ படி இருப்பதால் அவர்கள் வரவில்லை. அவர்கள் வராததால் படி இருக்கிறது. இந்த வட்டத்தை ஏதாவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். மனிதரை வெட்டுவதைவிடப் படியை வெட்டுவது சுலபம்.

எவ்வளவு சுலபம் என்பதை நம் கொத்தனார் தோழர்களே சொல்லட்டும். சாய்வுப் பாதை, அதாவது ரேம்ப், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி. அகலம் நாலு அடி. மேலே கதவுக்கு முன்னால் வண்டி நின்று திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். சாய்வுக்குள் நிரப்ப வேண்டியது 54 கன அடி, சமதளத்துக்கு முப்பத்தேழரை. இரண்டும் சேர்ந்து ஒரு யூனிட் கிராவலுக்குள் அடங்கிவிடுகிறது! கரைச் சுவருக்குச் செங்கல், மேலே சொரசொரப்பான காங்கிரீட், இருபுறமும் குழாய்க் கைப்பிடி. ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்று 1995-ல் எழுதினார்களே, அந்தப் பொருளாதாரம் இவ்வளவுதான். ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது, விட்டுவிடுவோம்.

செலவு குறைவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் ஆபத்து. பதினெட்டு அடி வேண்டிய இடத்தில் ஆறு அடியில் முடித்துவிட்டு ‘ரேம்ப் போட்டாச்சு’ என்று பில் எழுதுகிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அது ரேம்ப் அல்ல, சறுக்கு மரம். ஏறும்போது வண்டி பின்னால் சாயும். இறங்கும்போது ஆளைத் தள்ளும். மோட்டார் சைக்கிள் ஏற்றலாம், மனிதரை ஏற்ற முடியாது. வழவழப்பான டைல்ஸ் பதித்துவிட்டால், மழைத் தண்ணீர் பட்டதும் ஊன்றுகோல் வழுக்கும். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் வைத்தால், அந்தப் பக்கத்துக் கை வாதத்தில் விழுந்தவர் எதைப் பிடிப்பார்? அதனால்தான் இரு பக்கமும், இரண்டரை அடியிலும் மூன்றடியிலுமாக இரண்டு உயரத்தில், கம்பி கேட்கிறார்கள். ஓரத்தில் சிறு கட்டை எழுப்பாவிட்டால் சக்கரம் விளிம்பைத் தாண்டிவிடும். இதெல்லாம் சரியாகக் கட்டிய பிறகும், ரேம்பின் அடிவாயிலில் வரிசையாக இருசக்கர வண்டிகளை நிறுத்திவிட்டால்? அந்தப் பாவம் சர்க்காருடையது அல்ல, நம்முடையது.

வாசலைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா? ‘எல்லாப் பகுதிகளுக்கும்’ என்று சட்டம் சொன்னதை இங்கே எடுக்க வேண்டும். கதவு மூன்றடி திறக்கிறதா? இரண்டரை அடிக் கதவில் பல சக்கர நாற்காலிகள் நுழையா. கக்கூசுக்குக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்ளே வண்டி திரும்ப இடம் இருக்கிறதா? உட்காரும் பீடத்தின் அருகே பிடித்தெழக் கம்பி இருக்கிறதா? மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று படம் போட்ட அறையை எங்கேயாவது பார்த்தால், திறந்து பாருங்கள் தோழர்களே. விளக்குமாறும், பிளீச்சிங் பவுடர் மூட்டையும், உடைந்த நாற்காலியும் குடியிருந்தால் அதிசயப்படாதீர்கள்.

மருந்து கொடுக்கும் ஜன்னல் நாலு அடி உயரத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கை அதற்கு எட்டாது. பரிசோதனைக் கட்டில் உயரமாக இருந்தால், போலியோ கண்ட காலோடு வரும் கர்ப்பிணிப் பெண் அதில் எப்படி ஏறுவாள்? ஏற முடியாதவளை உட்கார வைத்தபடியே பார்த்து அனுப்பினால் வயிற்றுப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? கட்டிலின் உயரம் இங்கே இரண்டு உயிரின் பிரச்சினை. இன்னொருவர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், காது கேளாது. நர்ஸ் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கூப்பிட்டார், அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஓ.பி. சீட்டு நம்பரை ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும்; சாக்பீஸ் செலவு. பார்வையற்றவருக்குக் காலை மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் ஒரே மாதிரி கவரில் போட்டுக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒரு கவரின் மூலையைக் கத்தரித்து, ‘இது ராத்திரிக்கு’ என்று தொட்டுக் காட்டினால் பிழை நேராது. இதற்கு ஜி.ஓ. தேவையா?

இன்னொன்று, எந்த ஓவர்சீயரின் எஸ்டிமேட்டிலும் வராதது. ஊன்றுகோலோடு வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்க, கூட வந்தவரைப் பார்த்து, ‘இவருக்கு என்னம்மா?’ என்று கேட்பது. கால்தானே வழங்கவில்லை, வாய் இருக்கிறதே! நோய் அவருடையது, உடம்பு அவருடையது. கேள்வியும் அவரிடம்தான் வர வேண்டும். இதில் டாக்டரையும் நர்ஸையும் மட்டும் குறை சொல்ல நாம் தயாரில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரை இரண்டு பேர் பார்க்க வேண்டிய நிலையில் வைத்திருப்பது அவர்கள் செய்த ஏற்பாடு அல்ல. பஸ்ஸில், டீக்கடையில், சங்க அலுவலகத்தில் நாமும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். நம் சங்க அலுவலகங்கள் பல மாடியில் இருக்கின்றன என்பதும் நினைவுக்கு வருகிறது.

2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன இடம் கொடுத்திருக்கிறது. வரவேற்கிறோம். நியமனம் பெற்றவர் கூட்டத்துக்கு வரும்போது பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் படி இருக்கும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். மே 1 அன்று ஊருக்கு ஊர் கிராம சபை கூடும். நம் கொடியேற்றமும் அன்றுதான். கொடியேற்றம் காலையிலேயே முடிந்துவிடும்; சபைக்குப் போக நேரம் இருக்கும். அதற்கு முந்தைய வாரம், கிளைத் தோழர்கள் நாலு பேர், அதில் ஒருவர் கொத்தனாராக இருப்பது நலம், டேப்பும் டியூப் லெவலும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நிலையத்து டாக்டரிடம் சொல்லிவிட்டே போங்கள். அவரும் இதை விரும்பக்கூடும். அந்த ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளைக் கேட்காமல் போகாதீர்கள். அவர்களில் ஒருவராவது உங்களோடு வந்து, எங்கே தட்டுகிறது என்று காட்டட்டும். டேப் சொல்லாததை அவர் சொல்லுவார். வாசல் உயரம், ரேம்பின் நீளம், கதவின் அகலம், கழிப்பறை, கட்டில், மருந்து ஜன்னல் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள்.

அளந்ததைத் தீர்மானமாக்கிக் கிராம சபையில் வையுங்கள். 2016 சட்டம், பிரிவு 25, பிரிவு 45 என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். எண்ணைக் கண்டால்தான் சில மேஜைகள் அசையும். புதுக் கட்டடம் எழும்புகிற ஊராக இருந்தால் 44-வது பிரிவையும் சேருங்கள். அளவு தப்பிய கட்டடத்துக்கு முடிவுச் சான்று தரக்கூடாது என்கிறது அது. தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் அனுப்புங்கள். ஆணையருக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரங்கள் சில உண்டு. அவர் ஓர் அதிகாரிக்குச் சிபாரிசு அனுப்பினால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். ரசீது கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். ரசீதைக் கிளைச் செயலாளர் பத்திரப்படுத்தி வைக்கட்டும். மூன்று மாதம் கழித்து அது வேண்டியிருக்கும்.